கரித்துண்டில் வளரும் பூ

நம் நாட்டில் தமிழர் திருமணம் ஒன்றுக்குப் போனால் மணமாலையைச் சற்று உற்றுப் பாருங்கள். சாமந்திக்கும் ரோஜாவுக்கும் நடுவே ஊதாவும் வெள்ளையும் கலந்த, மெழுகில் செய்தது போன்ற ஒரு பூவைக் கோத்திருப்பார்கள். காலையில் தலையில் வைத்த மல்லிகை மாலைக்குள் பழுப்பேறிவிடும். அந்தப் பூவோ மறுநாள் வீட்டைக் கூட்டும்போதும் வாடாமல் கிடக்கும். அதன் பெயர் டெண்ட்ரோபியம். ஆர்க்கிட் குடும்பத்தைச் சேர்ந்தது. நம் பூக்கடைகளுக்கு அது பழகிப் போய்விட்டது. ஆனால் அதைப் பற்றித் தமிழில் எழுத உட்கார்ந்தால் பெயரிலேயே தடுக்கிவிடுகிறது.

சிலர் 'மந்தாரை' என்று எழுதுகிறார்கள். மந்தாரை ஒரு மரம். அதன் இலை மாட்டுக் குளம்பைப் போல் பிளந்திருக்கும். அம்மரத்தின் பூ ஆர்க்கிட்டைப் போல் இருப்பதால் ஆங்கிலத்தில் அதை 'ஆர்க்கிட் மரம்' என்பதுண்டு. குழப்பம் அங்கேதான் தொடங்கியிருக்க வேண்டும். இரண்டுக்கும் உறவே கிடையாது. பூக்கடை அக்காவுக்குப் புரிகிற சொல் ஆர்க்கிட்தான் என்பதால் நானும் இக்கட்டுரையில் அப்படியே எழுதுகிறேன். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. ஆர்க்கிட் வளர்ப்போர் வாயில் அடிக்கடி வரும் 'வாண்டா' என்ற பெயர் ஐரோப்பியச் சொல் அன்று. அது வடமொழியிலிருந்து போனது.

எனக்கும் ஆர்க்கிட்டுக்கும் தொடர்பு ஏற்பட்டது 2006ஆம் ஆண்டு பட்டமளிப்பு விழாவன்று. தோழி ஒருத்தி பூச்செண்டுக்குப் பதிலாகத் தொட்டியோடு ஒரு ஃபலனோப்சிஸ் வாங்கி வந்தாள். பெரிய வெள்ளைப் பூக்கள், வண்ணத்துப்பூச்சிகள் வரிசையாக உட்கார்ந்தது போல. கிள்ளானில் எங்கள் வீட்டு வரவேற்பறையில் அது ஏறக்குறைய மூன்று மாதம் பூத்தபடியே இருந்தது. பிறகு பூக்கள் உதிர்ந்தன. இலைகள் மட்டும் தடிதடியாக வளர்ந்தன. ஓராண்டு, இரண்டு ஆண்டு என்று காத்திருந்தேன். ஒரு மொட்டுகூட வரவில்லை.

பக்கத்து வீட்டில் ஒரு சீனப் பெரியவர் இருந்தார். தெருவில் எல்லோருக்கும் அவர் 'ஆ பெக்'. காலை முழுக்கக் கைலியோடும் பனியனோடும் தம் தொட்டிகளுக்கு நடுவேதான் இருப்பார். வேலிக்கு மேலே என் செடியைத் தூக்கிக் காட்டினேன். "தங்காச்சி, செடி நன்றாகத்தான் இருக்கிறது. உன் வீடுதான் சூடு" என்றார்.

பிறகுதான் காரணம் புரிந்தது. கடைகளில் பரிசுக்கென்று விற்கும் பெரும்பூ ஃபலனோப்சிஸ் கலப்பினங்களுக்குப் பூந்தண்டு எழும்ப வேண்டுமானால் ஏறக்குறைய 26 பாகை செல்சியசுக்குக் கீழான குளிர்ச்சி சில வாரங்கள் தொடர்ந்து கிடைக்க வேண்டும். கிள்ளானில் பகல் வெப்பம் 32, 33 பாகை. அதனால் குளிர்ந்த மலைப்பகுதியிலோ குளிரூட்டிய கூடத்திலோ தண்டு விடச் செய்த பிறகே அவற்றை விற்பனைக்கு அனுப்புகிறார்கள். நம் வீட்டுக்கு வந்ததும் செடி பிழைத்துக்கொள்ளும். பூக்க மட்டும் அதற்குக் கட்டளை கிடைக்காது. "நான் வாங்கிய ஆர்க்கிட் மறுபடி பூக்கவே இல்லை" என்று புலம்பும் நண்பர்கள் பலரிடம் இதைச் சொல்லியிருக்கிறேன். குற்றம் அவர்களுடையதும் அன்று, செடியுடையதும் அன்று. தாழ்நிலத்தில் இருப்பவர்கள் தாழ்நிலச் செடியை வாங்க வேண்டும். அவ்வளவுதான்.

வேர் சொல்லும் கணக்கு

ஆ பெக் எனக்கு முதலில் காட்டியது பூவை அல்ல, வேரை. அவருடைய வாண்டாச் செடிகள் மண்ணே இல்லாமல் மரக்கூடைகளில் தொங்கின. விரல் தடிமனில் வெள்ளி நிற வேர்கள் காற்றில் முழ நீளத்துக்கு இறங்கியிருந்தன. ஒரு குவளைத் தண்ணீரை அவற்றின் மேல் ஊற்றினார். என் கண்ணெதிரே வேர் பச்சையாக மாறியது.

நம் நாட்டு ஆர்க்கிட்டுகளில் பெரும்பாலானவை மரத்தின் மேல் ஒட்டி வளர்பவை. அதனால் ஒட்டுண்ணி என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். மரத்தின் சாற்றை அவை உறிஞ்சுவதில்லை. மரம் அவற்றுக்கு உட்கார ஓர் இடம், அவ்வளவே. மழை பெய்யும்போது பட்டையில் வழியும் நீரையும் அதில் கரைந்து வரும் சிறிதளவு சத்தையும் பிடித்துக்கொள்வதற்காக வேரின் மேல் பஞ்சு போன்ற ஓர் உறை இருக்கிறது. அது காய்ந்திருக்கும்போது உள்ளே காற்று நிறைந்திருப்பதால் வெள்ளியாகத் தெரியும். நனைந்ததும் உள்ளிருக்கும் பச்சை வெளியே தெரியும். ஆகவே, எப்போது தண்ணீர் ஊற்றுவது என்ற கேள்விக்கு நாள்காட்டி வேண்டாம். வேர் வெள்ளியாக இருந்தால் ஊற்றலாம். பச்சையாக இருந்தால் பேசாமல் இருக்கலாம்.

இந்த வேரைத் தோட்டமண்ணில் புதைத்தால் என்ன ஆகும்? மூச்சு முட்டி அழுகும். புதிதாக வளர்ப்பவர்களின் ஆர்க்கிட்டுகள் தாகத்தால் சாவது அபூர்வம். அன்பால்தான் சாகின்றன. நாங்கள் பயன்படுத்துவது அடுப்புக்கரியும் உடைத்த செங்கல்லும். பக்கவாட்டிலும் துளையுள்ள மண்தொட்டியில் இவற்றைப் போட்டுச் செடியை அசையாமல் கட்டிவிட வேண்டும். ஆடுகிற செடியின் இளவேர் நுனி உரசி உரசி நின்றுபோகும். தேங்காய் மட்டையையும் சிலர் போடுவார்கள். அது மலிவுதான், ஆனால் நம் மழைக்கு ஓரிரு ஆண்டில் மக்கிச் சேறாகிவிடுகிறது. தொட்டியின் அடியில் தட்டு வைக்காதீர்கள். வேருக்கும் நல்லதில்லை, அதில் ஏடிஸ் கொசு முட்டையிட்டால் சுகாதார அதிகாரிகள் வந்து அபராதச் சீட்டும் கொடுப்பார்கள்.

வெளிச்சத்திற்கும் செடியே கணக்குச் சொல்லும். இலை கரும்பச்சையாகப் பளபளவென்று இருந்தால் பார்க்க அழகு, ஆனால் வெளிச்சம் போதவில்லை என்று பொருள். மஞ்சளோடினால் வெயில் அதிகம். இடைப்பட்ட இளம்பச்சைதான் பூக்கும் நிறம். பென்சில் போல் உருண்ட இலையுள்ள வாண்டாக்கள் கொளுத்தும் வெயிலில் நிற்கும். மாலையில் பார்த்தோமே, அந்த டெண்ட்ரோபியத்துக்குக் காலை வெயில் நன்றாகப் பட வேண்டும். ஃபலனோப்சிசுக்கு நிழல். உரத்தைப் பொறுத்தவரை, புட்டியில் எழுதியிருப்பதில் கால் பங்கை வாரம் ஒருமுறை தெளித்தால் போதும்.

நோயைப் பற்றி ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். அழுகல் வந்தால் கண்ணுக்குத் தெரியும், மூக்குக்கும் தெரியும். அழுகிய பகுதியை வெட்டிக் காயவிடலாம். நச்சுயிரி அப்படியன்று. வந்த செடிக்கு வைத்தியம் கிடையாது. பலவேளை அறிகுறியே காட்டாமல் வருடக்கணக்கில் இருக்கும். அதைப் பரப்புவது பெரும்பாலும் நம் கத்தரிக்கோல்தான். ஒரு செடியை வெட்டிய கத்தியை நெருப்பில் காட்டாமல் அடுத்த செடியைத் தொடக் கூடாது. ஆ பெக்கின் கைலி மடிப்பில் எப்போதும் ஒரு லைட்டர் இருக்கும். புகைபிடிக்கிறார் என்று நான் நெடுநாள் நினைத்திருந்தேன்.

ஒன்பதாம் நாள்

பணம் செலவழிக்காமல் ஆர்க்கிட்டின் அதிசயத்தைப் பார்க்க வேண்டுமானால் சாலையோர மரங்களை அண்ணாந்து பாருங்கள். மழைமரம், அங்சானா போன்ற பழைய மரங்களின் கிளைகளில் குச்சிகுச்சியாக ஒரு செடி அடர்ந்திருக்கும். புறா ஆர்க்கிட் என்பது அதுதான். அதுவும் ஒரு டெண்ட்ரோபியமே. மற்ற நாள்களில் அதைச் செடி என்றுகூட யாரும் மதிக்கமாட்டார்கள்.

கடும் வெயிலுக்குப் பிறகு ஒரு பெருமழை கொட்டி, வெப்பநிலை சட்டென்று ஐந்தாறு பாகை இறங்கட்டும். அன்றிலிருந்து ஒன்பதாம் நாள் காலை அந்த வட்டாரத்தில் உள்ள புறா ஆர்க்கிட்டுகள் அத்தனையும் ஒன்றாகப் பூக்கும். ஒரே மரத்தில் மட்டும் அல்ல, பத்துத் தெருவுக்கு அப்பால் உள்ள மரத்திலும் அதே காலையில். வெண்புறாக் கூட்டம் வந்து இறங்கியது போல் இருக்கும், மணமும் வரும். மாலைக்குள் எல்லாம் வாடிவிடும். மொட்டுகள் ஏற்கெனவே ஒரு கட்டம் வரை வளர்ந்து உறங்கிக் கிடப்பதும், அந்தத் திடீர்க் குளிர்ச்சி அவற்றை எழுப்பிவிடுவதும்தான் இதன் இரகசியம். ஒரே நாள் வாழும் பூ, தனியாகப் பூத்தால் மகரந்தம் வந்து சேர வழியில்லை. எல்லாம் சேர்ந்து பூத்தால்தான் வண்டுக்கும் தேனீக்கும் வேலை, செடிக்கும் காய். நான் பெருமழை நாளை நாள்காட்டியில் வட்டமிட்டு எண்ணிப் பார்ப்பதுண்டு. சில தடவை ஏமாந்திருக்கிறேன். பலித்த நாள்களில் வேலைக்குத் தாமதமாகப் போயிருக்கிறேன்.

பிடுங்கிய செடி

ஆர்க்கிட் வளர்ப்பவர்களுக்கு ஒரு நோய் வரும். ஒன்று பத்தாகும், பத்து ஐம்பதாகும். எனக்கும் வந்தது. 2009இல் மலைப்பக்கம் போய்த் திரும்பும் வழியில் சாலையோரம் தார்ப்பாய் விரித்து ஒருவர் செடிகள் விற்றுக்கொண்டிருந்தார். அவற்றில் ஒன்று, புள்ளிப்புள்ளியான இலையும் ஒற்றைப் பூவுமாக இருந்தது. பூவின் உதடு சிறு செருப்பைப் போல் குழிந்து கருஞ்சிவப்பாக இருந்தது. மேலிதழில் கோடுகள். பக்க இதழ்களின் ஓரத்தில் மிளகு ஒட்டியது போல் கருமறுக்கள். 15 வெள்ளி என்றார். பேரம்கூடப் பேசாமல் வாங்கிக்கொண்டேன்.

பெருமையோடு ஆ பெக்கிடம் காட்டினேன். அவர் பூவைப் பார்க்கவில்லை. பையைப் பிரித்து வேரைப் பார்த்தார். "இது வளர்த்தது இல்லை, தங்காச்சி. பிடுங்கியது" என்றார். அன்று அவர் காட்டிய அடையாளங்களை இங்கே சொல்லிவிடுகிறேன். வேர்கள் பாதியில் ஒடிந்திருந்தன. சுற்றிலும் காட்டுப்பாசியும் மக்கிய இலையும் ஒட்டியிருந்தன. இலைகளில் பழைய பூச்சிக்கடிகள். தொட்டியில் வளர்ந்த செடிக்கு வேர் தொட்டியின் வடிவத்தில் சுருண்டிருக்கும், இதற்கு அப்படி இல்லை. விற்றவரிடம் ஒரே வகையில் பெரிதும் சிறிதுமாகப் பல செடிகள் கிடந்ததும் எனக்கு அப்போதுதான் உறைத்தது. பண்ணையில் ஒரே நாளில் நட்டவை ஒரே அளவில் அல்லவா இருக்கும்?

அது பாப்பியோபெடிலம் பார்பாட்டம் என்னும் செருப்பு ஆர்க்கிட். லெடாங் மலை, பினாங்கு மலை போன்ற இடங்களில் பாறையிடுக்கிலும் நிழல்மண்ணிலும் வளர்வது. பாப்பியோபெடிலம் வகைகள் எல்லாமே சைட்டிஸ் எனப்படும் அனைத்துலக உடன்பாட்டின் முதல் பட்டியலில், அதாவது ஒராங் ஊத்தானும் புலியும் இருக்கும் அதே பட்டியலில் இருக்கின்றன. காட்டிலிருந்து எடுத்த செடியை நாடுவிட்டு நாடு விற்பதற்கு அதில் இடமில்லை. மலேசியாவில் இதற்கென 2008ஆம் ஆண்டுச் சட்டமும் உண்டு. காப்புக்காட்டிலிருந்து அனுமதியின்றிச் செடி எடுப்பது தனிக் குற்றம். இவை எதுவும் எனக்கு அன்று தெரியாது. தெரிந்திருந்தால் வாங்கியிருக்க மாட்டேனா என்று கேட்டால், உறுதியாகச் சொல்ல முடியவில்லை. பூ அவ்வளவு அழகாக இருந்தது.

செடி நான்கு மாதத்தில் செத்தது. மலைநிழலில் ஈரமண்ணில் இருந்ததை நான் மற்ற ஆர்க்கிட்டுகளைப் போல் கரித்துண்டில் வைத்துக் கிள்ளான் வெயிலில் தொங்கவிட்டேன். ஆ பெக் சொல்லியும் தாமதமாகத்தான் மாற்றினேன். அது பூப்பதற்கே பல ஆண்டுகள் ஆகியிருக்கும். அதைக் கொல்ல எனக்கு ஒரு பள்ளி விடுமுறையும் ஒரு பருவமும் போதுமாக இருந்தன.

இந்த ஆசை புதியதும் அன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பியச் செல்வர்கள் ஆர்க்கிட்டுக்காகப் பணத்தைக் கொட்டினார்கள். அவர்கள் அனுப்பிய ஆட்கள் காடுகளை மூட்டைமூட்டையாகக் கப்பலேற்றினார்கள். போட்டியாளருக்கு இடம் தெரியக்கூடாது என்பதற்காகப் பொய் முகவரியும் தந்தார்கள். சபாவின் கினாபாலு மலையில் மட்டுமே வளரும் ரோத்சைல்ட் செருப்பு ஆர்க்கிட்டை 1888இல் அறிவியல் உலகுக்கு அறிமுகப்படுத்தியபோது அது நியூகினியிலிருந்து வந்ததாகச் சொல்லப்பட்டது. அது உண்மையில் எங்கே வளர்கிறது என்பது 1959இல்தான் மீண்டும் தெரியவந்தது. தெரிந்த பிறகு திருடர்களும் வந்தார்கள்.

குப்பிக்குள் காடு

சரி, காட்டில் எடுக்கக் கூடாது என்றால் செடிக்கு எங்கே போவது? விதை போட்டு வளர்க்கலாமே என்று தோன்றும். சிக்கல் விதையில்தான் இருக்கிறது. ஒரு ஆர்க்கிட் காயில் இலட்சக்கணக்கில் விதைகள் இருக்கலாம். வெடித்தால் முகப்பவுடர் போல் காற்றில் பறக்கும். இவ்வளவு சிறியதாக இருக்க வேண்டி, அந்த விதை கட்டுச்சோறு இல்லாமலே பயணம் புறப்படுகிறது. நெல்லுக்குள் அரிசி இருப்பது போல் இதற்குள் உணவு இல்லை. விழுந்த இடத்தில் உரிய பூஞ்சை இருந்து, அது உள்ளே நுழைந்து ஊட்டினால்தான் முளைக்கும். ஆகவேதான் இலட்சத்தில் ஒன்றிரண்டு தேறுவதே அரிது. காட்டில் ஒரு செடியைப் பிடுங்குவதன் கணக்கும் இதில் அடங்கியிருக்கிறது.

1922இல் லூயிஸ் நட்சன் என்ற அமெரிக்க அறிவியலாளர் இதற்கு ஒரு வழி கண்டார். பூஞ்சை தரும் உணவைத் தாமே தந்துவிட்டால் என்ன? சர்க்கரையும் உப்புகளும் கலந்த கடற்பாசிக் கூழைக் கண்ணாடிக் குப்பியில் ஊற்றி, நுண்ணுயிர் நீக்கி, அதன்மேல் விதையைத் தூவினார். முளைத்தது. சிங்கப்பூர்ப் பூமலையில் பேராசிரியர் ஹோல்டம் 1928இல் தொடங்கிய கலப்பினப் பணிக்கு இந்த முறையே அடிப்படை. இன்று மாலையில் கோக்கும் பூ வரை எல்லாம் அந்தக் குப்பியிலிருந்து வந்த வம்சம்தான்.

சிங்கப்பூரின் தேசிய மலர் அதற்கும் முந்தியது. தஞ்சோங் பகாரில் வாழ்ந்த ஆர்மீனியப் பெண்மணி ஆக்னஸ் ஜோக்கிம் தம் தோட்டத்தில் உருவாக்கிய வாண்டா மிஸ் ஜோக்கிமை 1893இல் ரிட்லி உலகுக்கு அறிவித்தார். 1981இல் அது தேசிய மலரானது. ஆக்னஸ் அதைத் தாமே கலந்து உண்டாக்கினாரா, தோட்டத்தில் தானாக விளைந்ததைக் கண்டெடுத்தாரா என்று பிற்காலத்தில் சிலர் வாதிட்டனர். ரிட்லியே அவர் கலந்ததாகத்தான் எழுதியிருக்கிறார். ஒரு பெண் செய்திருக்க முடியுமா என்ற ஐயம்தான் அந்த வாதத்தின் உள்ளே இருந்ததோ என்று எனக்கு ஓர் எண்ணம். நம் பக்கத்து மாணவர்களுக்கு இன்னொரு செய்தி: அப்பூவின் பெற்றோரில் ஒன்று பேராக் கிந்தா பள்ளத்தாக்கின் சதுப்பில் மண்டிக் கிடந்தது. 'கிந்தாக் களை' என்றே அதற்குப் பெயர்.

குப்பியைச் சிறிய வளர்ப்பாளர்களும் வாங்கலாம். உள்ளே இருபது முப்பது நாற்றுகள் தீக்குச்சி உயரத்தில் நெருக்கியடித்து நிற்கும். வெளியே எடுத்து, கூழைக் கழுவி, ஒரே தொட்டியில் கூட்டமாக நட்டு, நிழலில் வைத்துக் காக்க வேண்டும். எனக்கு முதல் குப்பியில் ஆறுதான் பிழைத்தன. பூக்க மூன்று முதல் ஐந்தாண்டு ஆகலாம். படிக்கிற காலத்தில் தொடங்கினால் வேலை உறுதியாகும்போது பூக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

2019இல் ஆ பெக் ஜொகூரில் உள்ள மகனின் அடுக்குமாடி வீட்டுக்குக் குடிபெயர்ந்தார். போகும் முன் 23 தொட்டிகளை வேலிக்கு மேலே ஒவ்வொன்றாகத் தூக்கிக் கொடுத்தார். ஒவ்வொன்றிலும் பழைய சன்னல் மறைப்புத் தகட்டை வெட்டிச் செய்த பெயர்ச்சீட்டு. பெயர், வாங்கிய தேதி, பெற்றோர் எது என்ற விவரம். "செடி செத்தாலும் சீட்டை எறியாதே" என்றார். ஆர்க்கிட்டில் பதிவு பெற்ற கலப்பினங்களே ஓர் இலட்சத்துக்கு மேல். சீட்டு தொலைந்தால் அது வெறும் அழகான செடி, எதனோடு எதைச் சேர்ப்பது என்று யாருக்கும் தெரியாது.

அவற்றில் ஒன்று ஃபலனோப்சிஸ் வயலேசியா. தீபகற்ப மலேசியாவின் தாழ்நிலக் காட்டில் வளர்வது. கடைகளில் விற்கும் வெள்ளைப் பூவின் உறவுதான், ஆனால் இதற்குக் கிள்ளான் வெயில் பழக்கம். பூ சிறியது, ஊதா, நல்ல மணம். ஒரு பூ உதிர்ந்ததும் தண்டை வெட்டிவிடாதீர்கள். பச்சையாக இருக்கும்வரை அதே தண்டில் அடுத்தடுத்துப் பூக்கும். அதன் சீட்டில் 'குப்பி, 2016' என்று எழுதியிருக்கிறது. என் நாற்று ஒன்றும் அதே வேளையில் பூத்ததால் பல்குத்தும் குச்சியின் முனையில் மகரந்தத்தை எடுத்து ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு வைத்தேன். பூ சுருங்கிக் காம்பு தடித்துக் காயானது. இப்போது நான்காவது மாதம். காய் பச்சையாக மூடியிருக்கும்போதே குப்பி போடுபவரிடம் கொடுக்க வேண்டும். மூடிய காய்க்குள் நுண்ணுயிர் இருக்காது, வெளித்தோலை மட்டும் சுத்தம் செய்தால் போதும். வெடித்துவிட்டால் விதையும் போகும், சுத்தமும் போகும்.

போன வாரம் ஆ பெக்குக்குத் தொலைபேசியில் சொன்னேன். காது சரியாகக் கேட்கவில்லை போலும், இரண்டு முறை கேட்டார். பிறகு, "தினமும் பார், தங்காச்சி. ஒரு நாள் மஞ்சளோடினாலும் உடனே வெட்டி எடுத்துக்கொண்டு போய்விடு" என்றார். இன்று காலை பார்த்தேன். இன்னும் பச்சையாகத்தான் இருக்கிறது.